யேலாங் அரசனும் பேசாலை விலாசமும்

தலைக்கனத்துக்கு எங்களிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு வேண்டுமென்றே நாலு வீட்டு வாசலால் சுற்றிப் போகிறவளுக்கு எழுப்பம். தெரிந்தவர்களைக் கண்டும் காணாமல் போகிறவனுக்குத் தடிப்பு. இல்லாததை இருப்பதாகக் காட்டுகிறவனுக்குப் பவுசு. குருசுமுத்து அண்ணைக்கு இருந்ததற்கு இவற்றில் ஒன்றுமே பொருந்தவில்லை. அதற்குரிய சொல்லைச் சீனாக்காரர் ஒருவர்தான் கொண்டுவந்து தந்தார். தந்தவர் மேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் ஆட்கள் அதை எடுத்து வீசிய விதத்தில்தான் இன்றைக்கும் கோபம்.

அண்ணை மன்னார்த் தீவில் பேசாலையைச் சேர்ந்த கத்தோலிக்கர். மன்னார்க் கச்சேரியில் தலைமை இலிகிதராக இருந்தவர். கச்சேரி என்றவுடன் பாட்டுக் கச்சேரியை நினைக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், எங்கள் நாட்டில் அது மாவட்ட அரச அலுவலகம், எங்கள் பேச்சில் பெரிய கந்தோர். காணி உறுதி, பென்சன், மானியம் என்று ஒரு மாவட்டத்தின் தலையெழுத்து முழுவதும் அங்கே பைல்களாக அடுக்கிக் கிடக்கும். அந்த அடுக்குகளுக்குக் காவலாக இருந்தவர் என்பதால், பிறகு நாங்கள் டென்மார்க்கில் வந்து சேர்ந்த இக்காஸ்ட் என்ற ஊரில் அவருக்குக் 'கச்சேரியார்' என்று பெயர் விழுந்தது. அந்தப் பெயரை அவர் விரும்பினார் என்றுதான் சொல்லவேண்டும். யாராவது கூப்பிட்டால் கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டுதான் திரும்பிப் பார்ப்பார்.

அவர் ஊரை விட்டு வந்ததற்கும் அந்த பைல்கள்தான் காரணம். யாருடைய காணி எது, யார் எங்கே இருக்கிறார்கள் என்று இராணுவமும் இயக்கமும் இரண்டு பக்கமும் துவக்கோடு வந்து கேட்கத் தொடங்கியபின் அங்கே இருக்க முடியவில்லை. மனைவி அருமைநாயகியையும் மகள் நிறோஷினியையும் வீட்டில் விட்டுவிட்டு, எண்பத்தாறில் கிழக்கு பெர்லின் வழியாக டென்மார்க் வந்து சேர்ந்தார். நானும் என் கணவர் கோணேசனும் அதே ஆண்டு வந்தவர்கள். மூன்று பேருக்கும் இக்காஸ்டில் ஒரே உடுப்புத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. நான் தையல் பக்கம், கோணேசன் சாயப் பக்கம். அண்ணை மேற்சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கும் மேசையில் நின்றார்.

அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர் தன் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடலாம் என்பது அப்போது இந்த நாட்டுச் சட்டம். அண்ணை எண்பத்தேழில் விண்ணப்பம் போட்டார். அதற்குப் பிறகு அவருக்கு வாழ்க்கையில் ஒரே காரியம்தான் இருந்தது, அந்த இரண்டு பேரையும் இங்கே கொண்டுவந்து சேர்ப்பது. வேலைக்கு வந்ததும், பக்கத்து ஹேர்னிங் நகரத் தேவாலயத்தில் மெழுகுதிரி ஏற்றியதும், ஒற்றை அறையில் மூன்று பேருக்கான சமையல் சட்டிகளை வாங்கி வைத்ததும் எல்லாம் அதற்காகத்தான்.

தலைநகரில் இருந்த அலுவலகத்துக்கு அவர் அவ்வப்போது நினைவூட்டல் எழுதுவார். கச்சேரி இங்கிலிஷில்தான் எழுதுவார். 'தங்களுக்கு நினைவூட்டும் பேறு பெற்றேன்' என்று தொடங்கி 'தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்' என்று முடிப்பார். டெனிஷ்காரனுக்கு இந்தப் பேறும் கீழ்ப்படிதலும் என்ன விளங்கியதோ தெரியாது. பதிலாக இரண்டு வரி வரும். 'உன்னர் பெஹான்லிங்', அதாவது விண்ணப்பம் கவனிக்கப்பட்டு வருகிறது. எல்லாத் தமிழருக்கும் அதே இரண்டு வரிதான் வந்தது. எனக்கு அதைப் பார்த்தால் பத்திக்கொண்டு வரும். அவருக்கோ முகம் மலரும்.

"பாத்தீரோ பிள்ளை, பைல் மேசைக்கு வந்திட்டுது. அலுமாரிக்குள்ள கிடந்தா இப்பிடி எழுதமாட்டினம்" என்பார்.

தொழிற்சாலைக் கன்ரீனில் எங்கள் மேசைக்கு லாம் என்று ஒரு சீனாக்காரர் வந்து இருப்பார். சைகோனுக்குப் பக்கத்தில் சோலோனில் புடவைக்கடை வைத்திருந்த குடும்பம். வியட்நாமிலிருந்து வள்ளத்தில் தப்பி, கப்பல் ஒன்று ஏற்றிக்கொண்டு வந்து இங்கே இறக்கிய ஆள். துணி வெட்டுகிற வேலை. அண்ணையின் வயதுதான் இருக்கும். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, 'எங்கள் கடையில் ஒரு தெருவே வேலை செய்தது' என்று அளந்துகொண்டிருப்பார். அவருக்கும் பவுசு குறைவில்லை. அதனால்தான் இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது என்று நினைக்கிறேன்.

எண்பத்தெட்டு வசந்தத்தில் ஒரு நாள் அந்த மேசையில் சண்டை வந்தது. மனைவி கோகிலாவும் பிள்ளைகளும் ஊரில் மாட்டுப்பட்டுக் கிடந்த மட்டக்களப்பு ஆள் தம்பிமுத்து ஒரு செய்தியோடு வந்தார். தமிழரின் விண்ணப்பங்களை மட்டும் மேலிடத்தில் வேண்டுமென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்களாம். டெனிஷ் சட்டத்தரணி ஒருவர் சொன்னாராம். எல்லோரும் சேர்ந்து முறைப்பாடு போடவேண்டுமாம்.

"தம்பி, நீர் ஒரு கந்தோர் வாசல்படி மிதிச்சிருக்கிறீரோ?" என்று அண்ணை கேட்டார். "சட்டத்தில இருக்கிறதை ஆரும் ஒதுக்கி வைக்கேலாது. ஒவ்வொரு பைலுக்கும் ஒரு ஒழுங்கு இருக்கு. எங்கட முறை வர வரும்."

"ஒழுங்கு இருந்தா மற்ற நாட்டுக்காரருக்கு மட்டும் எப்பிடி அண்ணன் வருது?"

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி வரம் குடுக்கவேணும் எண்டு சொல்லுறவை. நான் பூசாரியா இருந்தனான், தம்பி. பூசாரியைப் பற்றி எனக்குச் சொல்லித் தராதேயும்."

என்ன சத்தம் என்று லாம் கேட்டார். எனக்குத் தெரிந்த டெனிஷில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு நாலு எழுத்தைச் சீனத்தில் சொன்னார். யேலாங் ட்ஸு டா. 'யேலாங் தன்னைப் பெரிதென்று எண்ணியது' என்பது அதன் பொருளாம். அவர் டெனிஷையும் இங்கிலிஷையும் கலந்து சொன்னதை நான் என் தமிழில் சொல்கிறேன்.

ஈராயிரம் வருடத்துக்கு முந்திய கதை. சீனாவை ஹான் அரசர்கள் ஆண்ட காலம். தென்மேற்கு மலைகளுக்கு நடுவே யேலாங் என்று ஒரு சின்ன நாடு இருந்தது. ஹான் பேரரசன், இந்தியாவுக்கு வழி இருக்கிறதா என்று பார்த்துவரத் தூதர்களை அனுப்பினான். அவர்கள் போகிற வழியில் யேலாங் அரசனைச் சந்தித்தார்கள். அவன் விருந்து வைத்து, மிகவும் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டான். 'உங்கள் ஹான் நாடு பெரிதா, என்னுடைய நாடு பெரிதா?' யேலாங் ஹானின் ஒரு மாவட்டத்து அளவுதான். தூதர்கள் திரும்பிப் போய்ச் சொல்லி, சீனாவே சிரித்தது. இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறது.

"அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்று எங்களிடம் ஒரு பழமொழி உண்டு. அதுவா?" என்று கேட்டேன். அதை டெனிஷில் சொல்லி முடிக்க எனக்குப் பாதி இடைவேளை போய்விட்டது.

லாம் தலையாட்டி மறுத்தார். "அது புதுப் பணக்காரனுக்கு. அதற்கு எங்களிடம் வேறு சொல் இருக்கிறது. யேலாங் அரசன் பிறந்ததிலிருந்து அரசன். அவன் பொய் சொல்லவில்லை, படம் காட்டவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் பாதை இல்லை. பார்த்த இடமெல்லாம் அவனுடையதாக இருந்தது. அதனால் உண்மையாகவே கேட்டான்."

"அப்ப கிணத்துத் தவளை" என்றார் கோணேசன்.

"கிட்ட வந்துவிட்டாய். ஆனால் தவளை தனியாக இருக்கும். அது என்ன நினைத்தாலும் யாருக்கும் நட்டமில்லை. இவன் அரசன். இவன் சொன்னதை நம்பி ஒரு நாட்டுச் சனம் இருந்தது."

எப்போது சொல்வது என்று கேட்டேன். ஆளுக்கு முகத்துக்கு நேரே சொல்லக்கூடாது, சொன்னால் கைகலப்பில் முடியும் என்றார். தன் பிள்ளையைக் கண்டிக்கச் சொல்லலாம். 'நான் யேலாங் போலப் பேசிவிட்டேன்' என்று தன்னைத் தாழ்த்திக்கொள்ளச் சொல்லலாம். மற்றபடி ஆள் இல்லாத இடத்தில்தான். இதைச் சொல்லும்போது குருசுமுத்து அண்ணையின் பக்கம் லாம் பார்க்கவே இல்லை. முகத்துக்கு நேரே சொல்லாமலே சொல்லிவிட்டார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எல்லோரையும் விடப் பெரிதாகச் சிரித்தவர் குருசுமுத்து அண்ணைதான். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டுத் தம்பிமுத்துவின் தோளில் தட்டினார். "கேட்டீரோ தம்பி, உமக்கெண்டே செய்து வைச்சிருக்கிறாங்கள்." அன்றிலிருந்து முறைப்பாடு என்று வாய் திறப்பவர்கள் எல்லோரும் அவருக்கு யேலாங். 'யேலாங் வாறார்', 'யேலாங் சங்கம் இண்டைக்குக் கூட்டமாம்' என்பார். அவர் வாயிலிருந்து ஊருக்குத் தொற்றியது. பழைய வொல்வோ கார் வாங்கியவன் யேலாங், மகள் பாட்டுப் போட்டியில் வென்றதைச் சொன்ன தாய் யேலாங். ஒருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நான் திருத்தப்போய் நானும் யேலாங் ஆனேன்.

முறைப்பாட்டைத் தம்பிமுத்து வீட்டில் வைத்து எழுதினார்கள். பாராளுமன்றம் நியமித்த ஒரு அதிகாரிக்கு அது போகவேண்டும். அலுவலகங்கள் செய்யும் பிழையை விசாரிக்கிறது அவர் வேலை. காத்திருந்த எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். அண்ணை பேனாவைத் தொடவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"கந்தோருக்கு மேலால பெட்டிசன் போடுறவன்ர பைலை நாங்கள் எங்க வைக்கிறனாங்கள் தெரியுமோ? அலுமாரியின்ர அடித்தட்டில. கிழிக்கிறதில்லை, எறியிறதில்லை. பைல் பத்திரமா இருக்கும். ஆரும் கேட்டா, 'கவனிக்கப்பட்டு வருகிறது' எண்டு எழுதுவம். அவன் களைச்சுப்போய் வந்து கையைக் கட்டிக்கொண்டு நிக்கிற அண்டைக்குத்தான் மேல எடுக்கிறது. பெட்டிசன் போட்டு என்ர பைலை நானே அடியில தள்ளுவனோ?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் மாமியின் பென்சன் இப்படித்தான் ஏதோ ஒரு அலுமாரியின் அடித்தட்டில் கிடந்திருக்கும், அவர் செத்தபின்தான் வந்தது.

"அப்பிடி எத்தினை பேரின்ர பைலை வைச்சனீங்கள் அண்ணை?" என்று கேட்டேன்.

"அது நடைமுறை, பிள்ளை" என்றார். வெட்கப்படவில்லை, கோபப்படவும் இல்லை. தன் கையால் செய்த அதே வேலை தனக்கு நடந்துகொண்டிருந்தது, அதே இரண்டு வரிப் பதில்தான் வந்துகொண்டிருந்தது. அவருக்கு மட்டும் அது தெரியவில்லை. வெள்ளைக்காரன் கந்தோரில் அடித்தட்டு இருக்கும், ஆனால் தன் பைல் அங்கே இருக்காது என்று நினைத்தார்.

எண்பத்தொன்பதில் கட்டு அவிழ்ந்தது. மந்திரி மாறினார், முறைப்பாட்டை விசாரிக்கத் தொடங்கினார்கள், நின்றிருந்த விண்ணப்பங்கள் அசைந்தன. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் கோகிலாவும் பிள்ளைகளும் வந்து இறங்கினார்கள். அண்ணை பூங்கொத்தோடு ஸ்டேஷனுக்குப் போனார். பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சினார். "எப்பிடியும் வந்திருப்பினம்" என்று தம்பிமுத்துவிடம் சொல்லவும் மறக்கவில்லை. தம்பிமுத்து அன்றைக்கு இருந்த சந்தோசத்தில் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டார்.

அண்ணையின் விண்ணப்பமும் எழும்பியது, ஆனால் மெதுவாக. தொண்ணூறு தொடக்கத்தில், முடிவு விரைவில் தெரியும் என்று எழுதினார்கள். அவருக்கு ஒரு பிரதி, பேசாலை விலாசத்துக்கு ஒரு பிரதி வரும். அதை வாசித்த நாளிலிருந்து அவர் வாயில் விலாசம், விலாசம் என்ற சொல்தான்.

ஆனி மாதம் ஊரில் சண்டை மறுபடி தொடங்கியது. அவர் அறையில் தொலைபேசி இல்லை. எங்கள் வீட்டிலிருந்துதான் கதைப்பார். அண்ணை எங்கள் வீட்டில் இருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம் அருமைநாயகி அக்கா மன்னார்ப் பட்டணத்துக்கு வந்து, எப்படியோ லைன் எடுத்துவிட்டார். அந்தக் காலத்து லைன்களில் கத்தித்தான் கதைக்கவேண்டும். அதனால் அடுக்களையில் நின்ற எனக்கும் எல்லாம் கேட்டது.

"ஊரே ராமேஸ்வரத்துக்கு வெளிக்கிடுது. அந்தோனிமுத்து அண்ணன் வள்ளம் எடுக்கிறார். எங்களையும் வரட்டாம். போகட்டே?"

அந்தோனிமுத்து அக்காவின் உடன்பிறந்த தமையன். சொந்த வள்ளம் வைத்திருந்தவர்.

"விசர்க் கதை கதையாதை" என்று அண்ணை கத்தினார். "பைலில பேசாலை விலாசம் கிடக்கு. நீங்கள் இந்தியாவுக்குப் போனா விலாசம் மாறும். விலாசம் மாறினா பைல் திரும்ப முதல்ல இருந்து வரும். இவ்வளவு காலம் இருந்திட்டு, இப்ப கரையில வந்து கவிழ்க்கப் போறியோ?"

"சனமெல்லாம் போகுதப்பா. பயமாக்கிடக்கு."

"எந்த நேரமும் கடுதாசி வரும். வீட்டில ஒருத்தரும் இல்லாட்டித் தபால்காரன் திருப்பிக் கொண்டு போயிடுவான். நான் சொல்லுறன், நில்."

அடுக்களையிலிருந்து நான் ஈரக்கையோடு ஓடிவந்தேன். "போகச் சொல்லுங்கோ அண்ணை! உயிர் இருந்தா விலாசத்தைப் பிறகு பாப்பம்" என்று ரிசீவரைப் பிடித்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னோடு சத்தம் போட்டார்.

"உமக்குக் கந்தோர் தெரியுமோ, பிள்ளை?"

அந்தப் பக்கத்தில் அருமைநாயகி அக்கா, "சரியப்பா, நீங்கள் சொன்னா சரி" என்றது எனக்குக் கேட்டது. அதோடு லைன் அறுந்தது. அதற்குப் பிறகு மன்னாருக்கு லைனே கிடைக்கவில்லை.

ஆவணியில் அனுமதி வந்தது. மனைவிக்கும் மகளுக்கும், இரண்டு பேருக்கும். அண்ணை அந்தக் கடதாசியைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்து காட்டினார். நல்ல காரியம் நடந்தால் வேலையிடத்துக்குக் கேக் கொண்டுவருவது இங்கே வழக்கம். அவர் ஒன்றல்ல, எல்லா மேசைக்கும் கேக் கொண்டுவந்தார். லாம் பெண்கள் போடும் கம்பளிக் கையுறை இரண்டு சோடி பரிசாகக் கொடுத்தார். அண்ணை தம்பிமுத்துவுக்கு ஒரு பெரிய துண்டாக வெட்டிக் கொடுத்துவிட்டு, "நான் பெட்டிசனும் போடேல்லை, ஒருத்தன்ர காலையும் பிடிக்கேல்லை. இப்ப ஆர் யேலாங்?" என்றார். எல்லோரும் சிரித்தோம். எனக்கே ஒரு கணம், இந்த மனிசன் சொன்னதுதான் சரியோ என்று பட்டது.

பேசாலைக்குப் போன பிரதி போய்ச் சேரவில்லை. தபால் ஓடவில்லை. அவர் இரண்டு அறை வீடு ஒன்று எடுத்தார், மகளின் அறைக்கு மஞ்சள் பூச்சுப் பூசினார், மனைவிக்குக் குளிர்கால மேலங்கி வாங்கினார். செஞ்சிலுவை, ஆயர் இல்லம், கொழும்பில் இருந்த உறவினர் என்று எல்லா இடத்துக்கும் எழுதினார். பனி விழத் தொடங்கியது. கன்ரீனில் அவர் இருந்த பக்கம் சத்தம் குறைந்துகொண்டே போனது.

மாசி மாதம் எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. இந்தியாவில் மண்டபம் முகாமிலிருந்து நிறோஷினி பேசினாள். கோணேசன் ஓடிப்போய் அண்ணையைக் கூட்டி வந்தார். அவர் ரிசீவரைக் காதில் வைத்து, ஓம், ஓம் என்று மட்டும் சொன்னார். பிறகு அதை மெதுவாக வைத்துவிட்டு, மேலங்கியைக் கழற்றாமலே எங்கள் கதிரையில் இருந்தார்.

"நிறோஷினியின்ர தாய் செத்துப்போனாள், பிள்ளை" என்றார்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். தமையன் அந்தோனிமுத்து இரண்டாம் முறை வள்ளம் கொண்டுவந்து கூப்பிட்டபோது, அக்கா மகளை மட்டும் ஏற்றி அனுப்பியிருக்கிறார். தான் ஏறவில்லை. 'ஆரும் ஒராள் விலாசத்தில நிக்கவேணும், அப்பா சொன்னவர், கடுதாசி வந்தவுடனே நான் வாறன்' என்று சொன்னாராம். ஊரில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் மிஞ்சியிருந்தார்கள். காய்ச்சல் வந்தது. மருந்துமில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆளுமில்லை. பங்குச் சாமியார்தான் எடுத்து அடக்கம் செய்தாராம். நான் வாய்விட்டு அழுதேன். அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர்மேல் எனக்கு அவ்வளவு கோபம் இருந்தது, அவ்வளவு பரிதாபமும் இருந்தது.

மகளையாவது எடுக்கலாம் என்று ஓடினார். விலாசம் மாறினால் பைல் முதலிலிருந்து வரும் என்று அவர் சொன்னது முழுக்கச் சரி. மகள் இந்தியாவில், கடவுச்சீட்டு இல்லாமல் முகாமில் இருந்தாள். பழைய அனுமதி காலாவதியாகிவிட்டது. புது விண்ணப்பம் அவர்கள் மேசைக்கு வந்து சேர்வதற்குள் அவளுக்குப் பதினெட்டு தாண்டிவிட்டது. வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை என்று மறுத்துவிட்டார்கள். அவர் மேன்முறையீடு எழுதப் பேனாவை எடுத்தபோது, நிறோஷினியே தடுத்துவிட்டாள். "எனக்காக இனி ஒண்டும் எழுதாதேங்கோ அப்பா" என்று சொல்லிவிட்டு, முகாமில் ஒரு கடற்தொழில் செய்கிற பையனைக் கட்டிக்கொண்டாள். மஞ்சள் அறையை அண்ணை பூட்டி வைத்தார்.

ஊர் சும்மா இருக்குமா? கச்சேரியார் என்ற பெயர் மறைந்து, அவர் முதுகுக்குப் பின்னால் யேலாங் என்ற பெயர் வந்தது. லாம் சொன்ன விதப்படி பார்த்தால், முதல் தடவையாக அந்தச் சொல் சரியான ஆளுக்குச் சரியான இடத்தில் பயன்பட்டது. ஆனால் என் வீட்டில் ஒருவன் அதைச் சொன்னபோது, சாப்பாட்டுக் கோப்பையோடு எழுப்பி வாசலில் விட்டேன். அண்ணைக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஒரு நாள் கன்ரீனில், தானாகவே லாமிடம் அந்தக் கதையை எடுத்தார். நான் இடையில் இருந்து மொழிபெயர்த்தேன்.

"அந்த ஹான் தூதனுக்கு யேலாங்கைப் பற்றி என்ன தெரிஞ்சிருந்தது?"

லாம் யோசித்தார். "ஒன்றும் தெரியாது. அவன் இந்தியாவுக்கு வழி தேடி வந்தவன். யேலாங் வழியில் இருந்தது, அவ்வளவுதான்."

"பெரியவனுக்கும் சின்னவனைத் தெரியாதுதானே. அதுக்கு உங்களிட்ட ஒரு சொல் இல்லையோ?"

"இல்லை" என்றார் லாம். "சொல்லை எழுதி வைத்தது பெரியவர்கள், முத்து."

அண்ணை தலையாட்டிவிட்டுப் பாண் ரொட்டியைச் சாப்பிட்டார். அதைத் தன் பிழைக்கு ஒரு சாட்டாக எடுத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். எடுத்துக்கொள்ளவில்லை.

தொண்ணூற்று மூன்று தை மாதம் விசாரணையின் முடிவு வந்தது. பழைய மந்திரி தமிழரின் விண்ணப்பங்களை நிறுத்தி வைத்தது சட்டத்துக்கு விரோதம் என்று எழுதினார்கள். அதை மூடி மறைத்ததாகப் பழி வந்து அரசாங்கம் பதவி விலகியது. இக்காஸ்ட் மண்டபத்தில் எங்கள் ஆட்கள் தொலைக்காட்சியைச் சுற்றி நின்று கைதட்டினார்கள். "ஒரு அரசாங்கத்தையே விழுத்திப்போட்டம்!" என்று தம்பிமுத்து பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். இந்தச் சின்னச் சனம், இந்தப் பெரிய நாட்டின் அரசாங்கத்தை விழுத்தியதாம். நானும் கைதட்டினேன். அண்ணை கடைசி வாங்குப் பலகையில் மேலங்கியோடு இருந்தார்.

பத்திரிகைக்காரி ஒருத்தி வந்திருந்தாள். பாதிக்கப்பட்ட ஆள் ஒருவரோடு கதைக்கவேண்டும் என்றாள். எல்லோரும் அவரைக் கைகாட்டினார்கள். மனைவியை இங்கே காணாமலே இழந்த ஆள் வேறு யாரும் அந்த மண்டபத்தில் இல்லை. நான் மொழிபெயர்த்தேன். இன்றைக்கு உங்களுக்கு நீதி கிடைத்துவிட்டதாக நினைக்கிறீர்களா என்று கேட்டாள்.

அவர் தமிழில் பதில் சொன்னார்.

"மந்திரி அவளை இஞ்ச வரவிடாமல் மறிச்சவர். அங்கயிருந்து போகவிடாமல் மறிச்சது நான்."

இரண்டையும் டெனிஷில் சொன்னேன். விளங்கவில்லையோ என்று இரண்டாவதை மறுபடியும் சொன்னேன். அவள் தலையாட்டி எழுதிக்கொண்டாள். அடுத்த நாள் அவர் படத்தோடு செய்தி வந்தது. படத்துக்குக் கீழே முதல் வசனம் மட்டும் இருந்தது.

அண்ணை பத்திரிகையை மடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மற்ற வசனத்தையும் போடச் சொல்லிக் கேட்கும்படி சொன்னார். எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். அந்தப் பெண் மிகவும் அன்பாகப் பேசினாள். அவர் துக்கத்தில் தன்னையே குறைசொல்கிறார், அப்படிப் போடுவது அவருக்குச் செய்யும் அநியாயம் என்றாள். பிழை அவருடையது அல்ல என்று அவருக்குச் சொல்லும்படியும் சொன்னாள். அதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

"பேப்பரில வராட்டிப் பறவாயில்லை, பிள்ளை" என்றார். "அருமைநாயகிக்கும் தெரியாது. நான் சொன்னது சரி எண்டு நம்பித்தான் செத்தவள்."